குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது?

மென்பொருள் வேலை பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதத் தொடங்கியபோது, மாதம் மூன்று கடிதம் வந்தாலே பெரிய காரியம் என்று நினைத்தேன். இந்த முறை வந்ததில் பெரும்பகுதி வன்னியில் இருந்து. பெயரைப் போடவேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லாருமே கேட்டிருக்கிறீர்கள். ஊர் சின்னது, முதலாளியும் சஞ்சிகை வாசிப்பார், விளங்குகிறது. ஊரை மட்டும் போடுகிறேன், இரண்டு பேருக்கு அதையும் மாற்றிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனம். பால் சேகரிக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு மென்பொருள் செய்து தருவதாக, அதற்குக் காசு போடும் வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குச் சொல்லிவிட்டோம். தவணை மூன்று மாதம். இரண்டரை மாதம் போய்விட்டது, பாதி வேலைகூட ஆகவில்லை. அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் படிப்பு முடித்த நாலு பொடியளைக் கூட்டிவந்தால் பிடித்துவிடலாம் என்று எங்கள் முதலாளி அண்ணை சொல்கிறார். பிடிக்கலாமா? (கிளிநொச்சி)

பதில்: பிடிக்க முடியாது தம்பி. இன்னும் பிந்தும்.

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1960களில் ஐபிஎம் நிறுவனம் தன் பெரிய கணினிகளுக்காக ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தைச் செய்தபோது அந்த வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் பிரெட் புரூக்ஸ். தவணை தப்பத் தப்ப ஆள் சேர்த்துப் பார்த்தவர். பிந்திப்போன மென்பொருள் வேலைக்கு ஆள் கூட்டினால் அது இன்னும் பிந்தும் என்று 1975இல் எழுதினார், இன்றுவரை அது பிழையானதை நான் பார்த்ததில்லை. வயல் வெட்டுக்குப் பத்துப் பேர் இறங்கும் இடத்தில் இருபது பேர் இறங்கினால் பாதி நேரத்தில் முடியும் (இப்போது மெசின்தான் வெட்டுகிறது, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்), ஏனென்றால் இந்த வரம்பில் நிற்பவர் என்ன செய்கிறார் என்று அந்த வரம்பில் நிற்பவருக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை. மென்பொருளில் எல்லாருக்கும் எல்லாம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் கதைக்கவேண்டிய சோடி பத்து. ஒன்பது பேர் என்றால் முப்பத்தாறு. அதோடு வருகிற நாலு பேருக்கும் இது என்ன, கோட் (நிரல்) எங்கே இருக்கிறது, பால் கணக்கு எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போவது யார்? இப்போது வேலை செய்துகொண்டிருக்கிற அதே ஐந்து பேர்தான். அவர்களுடைய கையும் நின்றுவிடும்.

சரி, அப்ப என்ன செய்வது? இதற்கு அமெரிக்கா போகத் தேவையில்லை, இரணைமடுக் குளத்துக்குப் போனால் போதும். சிறுபோகம் தொடங்க முதல் கூட்டம் வைப்பார்கள், உங்கள் அப்பாவோ மாமாவோ போயிருப்பார். அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களம், கமக்காரர் அமைப்புகள் எல்லாரும் இருப்பார்கள். முதல் கேள்வியே குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்பதுதான். நிரம்பினால் 36 அடி நிற்கிற குளத்தில் இருபதுதான் நிற்கிறது என்றால், எல்லா வயலையும் விதைப்போம், தண்ணீரைப் பிறகு பார்ப்போம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. சொன்னால் விடவும் மாட்டார்கள். எத்தனை ஏக்கரைக் குறைப்பது, யாருடைய பக்கத்துக்கு இந்தமுறை இல்லை என்றுதான் சண்டை. அந்தச் சண்டை பெரிய சண்டை, ஆனால் நெல்லு மண்ணில் விழ முதல் நடக்கிற சண்டை. உங்கள் அண்ணையோ தண்ணீரைக் கூட்டப் பார்க்கிறார்.

ஏக்கரைக் குறையுங்கள். காலையில் ஒரு பண்ணையாளர் பாலோடு வந்தால் என்ன நடக்கவேண்டும்? அவருடைய இலக்கம், எத்தனை லீற்றர், கொழுப்பு எவ்வளவு, எவ்வளவு காசு, கையில் ஒரு துண்டு. இது ஓடினால் சங்கம் ஓடும். நிறம் நிறமான வரைபடம், வருடாந்த அறிக்கை, முகாமையாளர் போனில் பார்க்கிற வசதி எல்லாம் அடுத்த போகம்.

அப்புறம் காசு போடுகிறவருக்கு இன்றைக்கே சொல்லுங்கள். மின்னஞ்சல் வேண்டாம், போன் எடுங்கள். சொன்ன திகதியில் எது கைக்கு வரும், எது வராது, வராதது எப்போது வரும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஒரு வேலைக்குப் பதினொரு கிழமை "ஓம் சேர், முடியும்" என்று சொல்லி, பன்னிரண்டாம் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் முடியாது என்று சொன்னேன். அவர் பிந்தியதற்குக் கோபிக்கவில்லை. பதினொரு தரம் ஓம் சொன்னதற்குத்தான் கோபித்தார், அந்தக் கோபம் நியாயம்.

ஒன்று கேட்கவேண்டும். நாலாவது கிழமையிலேயே உங்கள் ஐந்து பேரில் யாருக்காவது இது சரிவராது என்று தெரிந்திருக்கும், கட்டாயம் தெரிந்திருக்கும். அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று அவரைக் கேட்காமல், அண்ணை தன்னைத்தானே கேட்டுப்பார்க்கட்டும்.

கேள்வி: நான் டெஸ்டிங் செய்கிறேன். கொடுக்கவேண்டிய நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் வேலை என்னிடம் வரும். பிழை இருக்கு என்றால் "இவ பிழை பிடிக்கிறதுக்கெண்டே வந்து நிக்கிறா" என்கிறார்கள். பிழை வெளியே போய்விட்டால் "நீங்கள் பார்க்கேல்லையோ" என்கிறார்கள். தரத்துக்கு நான் ஒருத்திதான் பொறுப்பா? (வவுனியா)

பதில்: இல்லை தங்கச்சி. அரிசியில் கல் இருப்பது மில்லின் பிழை என்றுதான் கடைக்காரர் சொல்வார். கல் சேர்ந்தது மில்லில் இல்லை, ஏ9 வீதியோரம் காயப்போட்ட நெல்லைக் கூட்டி அள்ளியபோது. மூட்டை தைத்த பிறகு வாசலில் ஒருவரை இருத்தி "கல் இருக்கா பார்" என்றால் அவர் என்ன செய்வார், மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார். உங்கள் இரண்டு நாள் டெஸ்டிங் அந்த ஒரு பிடிதான்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா என்று ஒருவர், கார்க் கம்பனிக்கு முந்தின தலைமுறை, தறி செய்தவர். அவருடைய தானியங்கித் தறியில் ஒரு நூல் அறுந்தால் தறி தானாக நின்றுவிடும். அதற்கு முதல் நூல் அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருக்கும், முழக் கணக்கில் பழுதான துணி வந்த பிறகுதான் தெரியும், அதைப் பார்க்கவென்றே தறிக்கு முன்னால் ஆள் நிற்கவேண்டும். பிறகு அந்தக் குடும்பம் கார் செய்ய வந்தபோதும் அதே யோசனைதான் தொடர்ந்தது. டொயோட்டா தொழிற்சாலையில் வேலை செய்கிற யாரும், நேற்று வந்தவர்கூட, பிழையைக் கண்டால் ஒரு கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார், உடனே சரிசெய்ய முடியாவிட்டால் வரிசையே நிற்கும். கயிற்றை இழுத்தவருக்கு ஏச்சு விழாது.

உங்கள் கையில் அந்தக் கயிறு இல்லை. வேலை முழுக்க முடிந்த பிறகு ஒரு வெள்ளைத் தாளைத் தந்து பிழைகளை எழுதச் சொல்கிறார்கள், அது வேறு விஷயம்.

கயிற்றைக் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறது. வேலை தொடங்குகிற நாள் கூட்டத்தில் போய் இருங்கள், கூப்பிடாவிட்டாலும் போய் இருங்கள். கோட் எழுத முதல் "இதை நான் எப்படிப் பரிசோதிப்பேன்" என்று ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் கொடுங்கள். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் ஒரு எழுத்தும், புதியது பன்னிரண்டு எண், இரண்டையும் ஏற்குமா? தகப்பன் பெயரோடு சேர்த்து எழுதினால் நாற்பது எழுத்து வருகிற தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுமா? சேமிக்கிற அந்தக் கணத்தில் கரண்ட் போனால் காசு இரண்டு தரம் பதியுமா? இதை முதல் நாளே வாசித்த பொடியன், எழுதும்போதே அதை நினைத்துக்கொண்டு எழுதுவான். உங்களுக்குப் பிழை குறைவாகக் கிடைக்கும், அவனுக்கும் உங்களில் கோபம் குறையும்.

"என்ர கணினியில் வேலை செய்யுது" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கதை வைத்திருங்கள். 1996 ஜூன் 4, ஏரியன் 5 ரொக்கெட் முதல் தரம் ஏறியது, நாற்பது செக்கனுக்குள் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்தது ஏரியன் 4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருள். புதிய ரொக்கெட்டின் கிடைவேகம் அதிகம், 16 பிட் இடத்துக்குள் அந்த எண் அடங்கவில்லை. பழைய ரொக்கெட்டில் வேலை செய்தது, ஆகவே இதிலும் செய்யும் என்று விட்டுவிட்டார்கள், புதிய ரொக்கெட்டின் பாதையை வைத்து அதைப் பரிசோதிக்கவில்லை.

வெளியே விடும்போதும் எல்லாருக்கும் ஒரேயடியாக விடாதீர்கள், பத்துப் பேருக்கு விட்டு ஒரு நாள் பாருங்கள். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையம், வங்கி, வைத்தியசாலை என்று கிட்டத்தட்ட 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு விழுந்தனவே, கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு சின்னக் கோப்பை எல்லாருக்கும் ஒன்றாக அனுப்பியதால் வந்தது அது. அவர்களிடமும் டெஸ்டிங் இருந்தது.

கேள்வி: காலையில் எல்லாரும் எழும்பி நின்று நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்கிற கூட்டம் எங்களிடம் 50 நிமிடம் போகிறது. இது சரியா? (மாங்குளம்)

பதில்: 15 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. நிற்கச் சொல்வதே கால் நோகட்டும், சுருக்கமாகக் கதைக்கட்டும் என்றுதான். 50 நிமிடம் போகிறதென்றால் அங்கே ஒருவர்தான் கதைக்கிறார், அது யார் என்று உங்களுக்கே தெரியும். அவர் ஒரு கிழமை லீவில் நிற்கும்போது எத்தனை நிமிடம் போகிறது என்று குறித்துவைத்துப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் சேர்வர் ஒரு நாள் முழுக்க விழுந்து கிடந்தது. காரணம் எழுதித் தரச் சொன்னார் வாடிக்கையாளர். "மின்வெட்டு" என்று எழுதினோம். ஏற்கமாட்டேன் என்கிறார். நடந்தது அதுதானே, வேறு என்ன எழுதுவது? (புதுக்குடியிருப்பு)

பதில்: 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது நினைவிருக்கும். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகமே சிரித்தது. குரங்கு உண்மைதான். ஆனால் ஒரு குரங்கு ஒரு ஊரை இருட்டாக்கலாம், ஒரு நாட்டை எப்படி இருட்டாக்கும்? அந்தக் கேள்வியைக் கேட்டால்தான் மற்றது வரும்: ஞாயிறு என்பதால் மின்தேவை குறைவு, நல்ல வெயில் என்பதால் சூரிய மின்சாரம் அதிகம், சுழன்று தாங்கிப்பிடிக்கிற பெரிய மின்பிறப்பாக்கிகளின் பங்கு அந்த நேரத்தில் குறைவு, ஆகவே ஒரு இடத்தில் விழுந்த அடியை வலையமைப்பால் தாங்க முடியவில்லை. குரங்கோடு நிறுத்தினால் செய்வதற்கு ஒரு வேலைதான் மிஞ்சும், குரங்கு பிடிக்கிற வேலை.

நீங்களும் குரங்கை எழுதிக்கொடுத்திருக்கிறீர்கள். மின்வெட்டு வன்னிக்குப் புதிதா? ஏன் விழுந்தது, மின்வெட்டு. மின்வெட்டில் ஏன் விழவேண்டும், யூபிஎஸ் இருபது நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏன் தாங்கவில்லை, பற்றரி பழசு. ஏன் மாற்றவில்லை, பார்ப்பது யாருடைய வேலை என்று யாருக்கும் தெரியாது. இப்படி "ஏன்" கேட்டுக்கொண்டே போகிற பழக்கமும் டொயோட்டாவில் இருந்து வந்ததுதான், ஐந்து தரம் என்பார்கள், நாலிலும் முடியலாம் ஏழும் ஆகலாம். உங்கள் கந்தோரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: அந்த யூபிஎஸ் கீ கீ என்று கத்துது என்று யாரோ ஒரு சின்னப் பொடியனோ பிள்ளையோ இரண்டு மாதத்துக்கு முதலே சொல்லியிருப்பார்கள், யாரோ ஒருவர் "பிறகு பார்ப்பம்" என்றிருப்பார். விசாரித்துப் பாருங்கள்.

கடைசி "ஏன்"க்கு ஒரு ஆளின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். பெயர் எழுதினால் அடுத்த முறை யூபிஎஸ் கத்தினாலும் யாரும் சொல்லமாட்டார்கள்.

கேள்வி: அரச கேள்விப்பத்திரங்களுக்கு (டெண்டர்) போட ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் எடுக்கலாமா? எடுத்தால் தரம் கூடுமா? (வவுனியா)

பதில்: கேள்விப்பத்திரத்தில் கேட்டால் எடுங்கள், அது வியாபாரம். தரம் தானாகக் கூடாது. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை, நியமத்தை எழுதுவதோடு அதன் வேலை சரி. வந்து பார்த்துக் கொடுப்பது வேறு நிறுவனங்கள், இங்கே இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் கொடுக்கிறது. நீங்கள் செய்வதாகச் சொல்கிற முறையை உண்மையில் செய்கிறீர்களா, பிழை வந்தால் பதிந்து திருத்துகிறீர்களா என்று பார்ப்பார்கள். உங்கள் மென்பொருள் நல்லதா என்று பார்க்கமாட்டார்கள். கணக்காய்வாளர் வருகிறார் என்று முதல் நாள் இரவு இருந்து ஆறு மாதப் படிவத்தை ஒரே பேனையால் நிரப்புகிற இடங்களை எனக்குத் தெரியும். உங்கள் முறையே நாலு பக்கம் என்றால் நாலு பக்கமாகவே எழுதுங்கள், நானூறு பக்கம் கேட்பது நியமம் இல்லை, அதை எழுதித்தர வருகிற ஆலோசகர்தான்.

கேள்வி: மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்களுக்குப் "புத்தாக்க நாள்". கொத்துரொட்டி வரும், எல்லாரும் புதிதாக யோசிக்கவேண்டும். ஆறு மாதமாக ஒன்றும் உருப்படியாக வரவில்லை. எங்கட பக்கத்தில் இதெல்லாம் சரிவராதா? (பரந்தன்)

பதில்: கொத்துரொட்டியைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் யோசி என்றால் யோசனை வராது. எரிச்சல் இருக்கிற இடத்தில்தான் வரும்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள்தானே நாங்கள் எல்லாரும். பெற்றோல் பங்குக்குத் தந்த கியூஆர் குறியை அச்சடித்து, மடங்காமல் இருக்க லமினேட் செய்து பேர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தோம். அந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஜப்பானில் கார் உதிரிப்பாகம் செய்கிற டென்சோ குழுமத்தில் இருந்து, 1994இல். அங்கே பெட்டியில் ஒட்டிய கோட்டுக் குறிகளில் (பார்கோட்) ஒன்றுக்கு இருபது எழுத்துப் போலத்தான் அடங்கும், ஆகவே ஒரு பெட்டிக்குப் பல குறிகளை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் வாசித்துக் களைத்த தொழிலாளர்கள் முணுமுணுத்தார்கள். மசாஹிரோ ஹாரா என்ற பொறியியலாளர் அந்த முணுமுணுப்பை எடுத்துக்கொண்டு போய், கறுப்பு வெள்ளைக் காய் வைத்து ஆடுகிற கோ விளையாட்டுப் பலகையைப் பார்த்து, கோட்டுக்குப் பதில் கட்டம் என்று யோசித்தார். நிறுவனமும் காப்புரிமையை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தடுக்கவில்லை. உலகத்துக்காகச் செய்த வேலையே இல்லை அது.

2022 எரிபொருள் அட்டையையும் பாருங்கள். நெருக்கடியில் அவசரமாகச் செய்தது. ஒரே ஒரு வேலைதான் அதற்கு: இந்த இலக்கத்துக்கு இந்தக் கிழமை எத்தனை லீற்றர் மிச்சம். மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் 4 லீற்றர். சில நிரப்பு நிலையங்களில் பார்த்துவிட்டுத்தான் ஒகஸ்டில் நாடு முழுக்க விட்டார்கள். வாகன இலக்கத்தை வைத்துச் செய்ததால், இலக்கத்தகடு இல்லாத தண்ணீர் இறைக்கிற மெசினை வைத்திருந்த தோட்டக்காரர் பாடு வேறு கதை. அந்த அறைக்குள் ஒரு விசுவமடுத் தோட்டக்காரர் இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

ஆகவே வெள்ளிக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு இருக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் நெல்லு கொடுக்கப் போகிறவரோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதனைப் பார்த்துத்தான் நெல்லை எடுக்கும். காய்ந்துவிட்டதா என்று எங்கள் ஆட்கள் பல்லில் கடித்துப் பார்க்கிறார்கள், சிலருக்கு அது ஆச்சரியமாகச் சரியாகவும் இருக்கும், சரியில்லாதவர் ஏற்றுக்கூலியும் கொடுத்துத் திரும்பி வருகிறார். அங்கே ஒரு எரிச்சல் இருக்கிறது. உடனே ஆப் எழுத உட்காராதீர்கள். ஈரம் பார்க்கிற கருவி ஒன்றைக் கடனாக வாங்கிக்கொண்டு, ஒரு கொப்பியோடு, ஐந்து வீட்டு முற்றத்தில் ஒரு கிழமை இருந்து பாருங்கள். ஆப் தேவையே இல்லை, ஊருக்கு ஒரு கருவியும் அதைச் சுற்றிக்கொடுக்க ஒரு சைக்கிளும் போதும் என்றுகூட முடிவு வரலாம். வந்தால் அதுவும் புத்தாக்கம்தான், முதலாளிக்குக் காட்டத் திரை இருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி: கனடாவில் இருக்கிற சித்தப்பாவின் கடைக்கு மென்பொருள் செய்கிறேன். இரவு இரண்டு மணிக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவு வரும், "மேன், இதையும் ஒருக்கா போட்டுவிடு" என்று. இதுவரை முப்பதுக்கு மேல். காசு கேட்க வெட்கமாக இருக்கிறது. (தருமபுரம்)

பதில்: வீடு கட்டியபோது மேசன் என்ன செய்தார்? "ஜன்னல் இஞ்சால மாத்துவம்" என்று அப்பா சொன்னால், "மாத்தலாம் ஐயா, இன்னும் இவ்வளவு சீமெந்து, இரண்டு நாள் கூலி" என்று அங்கேயே சொல்வார், முகம் முறியாது. காரணம், உடனே சொல்வார். நீங்கள் முப்பதை விழுங்கிவிட்டு முப்பத்தோராவதில் கணக்குக் கொண்டுபோனால் சித்தப்பா மட்டுமில்லை, சித்தியும் கதைக்கமாட்டா.

அடுத்த குரல்பதிவுக்கு எழுத்தில் பதில் போடுங்கள்: "சித்தப்பா, செய்யலாம், மூன்று நாள் கூடும், இவ்வளவு செலவாகும், செய்யட்டோ?" பாதிக்கு அவரே "பிறகு பார்ப்பம்" என்பார். பழைய முப்பதில் பணிந்து போங்கள், அது படிப்புச் செலவு.

கேள்வி: இறுதியாண்டில் படிக்கிறேன். பிஎம்பி சான்றிதழ் இப்போதே எடுத்தால் திட்ட முகாமையாளர் ஆகலாமா? (அறிவியல் நகர்)

பதில்: இப்போது எடுக்க விடமாட்டார்கள். பட்டம் இருந்தாலும் திட்டங்களை நடத்திய அனுபவம் மூன்று வருடம் கேட்பார்கள். அதுவரைக்கும் பீடத்தில் ஒரு நிகழ்வுக்குச் செயலாளராக இருங்கள். மைக் வராது, பிரதம விருந்தினர் இரண்டு மணித்தியாலம் பிந்துவார், சிற்றுண்டி ஐம்பது குறையும். சோதனையில் கேட்பதில் பாதி அதற்குள் இருக்கிறது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எல்லாம் தெரிந்தவன் ஒரேயொரு பொடியன். ஆறு வருடமாக இருக்கிறான். விசா வந்துவிட்டது, மூன்று கிழமையில் லண்டன் போகிறான். எல்லாம் அவனுடைய தலைக்குள் இருக்கிறது. எழுதித் தரச் சொன்னேன், எழுதுகிறான். போதுமா? (கிளிநொச்சி)

பதில்: போதாது. எழுதுவான், பாவம், நல்ல பொடியனாகத்தான் இருப்பான், ஆனால் தனக்குத் தெரியும் என்றே தெரியாத விஷயங்களை எப்படி எழுதுவான்? ஆறு வருடத்தில் அது அவனுடைய கைக்குப் போய்விட்டது. அம்மாவிடம் கறிக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டுப் பாருங்கள்.

எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நாளையில் இருந்து அவன் கீபோர்ட்டைத் தொடக்கூடாது. உங்களில் ஆகச் சின்னவர் யாரோ அவரைக் கணினிக்கு முன்னால் இருத்துங்கள், இவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். புதிய பதிப்பை வெளியே விடுவது, சேர்வரை நிறுத்தித் திரும்ப எழுப்புவது, காப்புப் பிரதியில் இருந்து தரவை மீட்பது, மாதக் கடைசிக் கணக்கு ஓடவைப்பது, எல்லாம் சின்னவர் செய்யவேண்டும். தடக்குகிற இடத்தில் கேட்கட்டும், கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் சின்னவரே எழுதட்டும். அந்தக் கொப்பிதான் உங்களுக்குத் தேவையான கொப்பி. முதல் கிழமை எரிச்சலாக இருக்கும், பத்து நிமிட வேலை இரண்டு மணித்தியாலம் எடுக்கும், வாடிக்கையாளருக்கு முதலே சொல்லிவையுங்கள். இரண்டாம் கிழமை அவன் இரண்டு நாள் வீட்டில் நிற்கட்டும், போனையும் எடுக்கவேண்டாம், சாமான் வாங்க யாழ்ப்பாணம் போகட்டும். என்ன உடைகிறது என்று அந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும், உடைந்தால் திருத்த ஆள் இன்னும் ஊரில் இருக்கிறான்.

காப்புப் பிரதியை மீட்டுப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடவேண்டாம். பிரதி ஒவ்வொரு இரவும் எடுபடுகிறது என்று நம்பிக்கொண்டிருந்து, தேவைப்பட்ட நாளில் திறந்தால் எட்டு மாதமாக வெறும் கோப்பாக இருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் இணையதள முகவரி, சேர்வர் வாடகைக் கணக்கு, கூகுள் கணக்கு எல்லாம் யாருடைய மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஆறு வருடத்துக்கு முதல் அவசரத்தில் அவன் தன்னுடைய சொந்த மின்னஞ்சலைத்தான் கொடுத்திருப்பான், கடவுச்சொல் மாற்றுகிற குறியீடு வருவதும் அவனுடைய டயலொக் இலக்கத்துக்குத்தான். லண்டன் போய்ப் பாவிக்காமல் விட்டால் அந்த சிம் செத்துவிடும். கட்டுநாயக்கா போக வான் வர முதல் அதை மாற்றி எடுங்கள்.